பெட்டிச் செய்தியில் நான் எழுதிய வாக்கியம்

"என் இளைய மகனையும் ராணுவத்துக்கு அனுப்புவேன்."

இந்த வாக்கியத்தை நாளிதழ்களில் நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். பணியில் இறந்த ராணுவ வீரரின் உடல் சொந்த ஊருக்கு வரும் நாளில், அவருடைய தந்தை கண்ணீருக்கு இடையே சொன்னதாக அது அச்சாகும். சில தந்தையர் அதை உண்மையாகவே சொன்னார்கள். பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். இங்கே எழுதுவது அதைச் சொல்லாத ஒருவரைப் பற்றி. அவர் சொன்னதாக நான் எழுதினேன்.

இருபத்தாறு ஆண்டுகள் திருவண்ணாமலையில் ஒரு நாளிதழின் நிருபராக வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு பெற்று வேங்கிக்காலில் இருக்கிறேன். அந்தக் குடும்பம் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம் இருக்கிறது. ஊரை இதற்கு மேல் சொல்லப் போவதில்லை. ஓரிரு அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். அப்பா, அம்மா, இரண்டு மகன்கள். வீட்டின் முன்பக்கம் டீக்கடை; பின்பக்கம் ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடையில் கூட்டம் நெரியும். மற்ற நாட்களில் ஊர்க்காரர்களும் சில சாமியார்களும்தான்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் பெரிய மகன் இறந்தான். வடக்கே ஒரு மலைப்பாதையில் ராணுவ வண்டி பள்ளத்தில் கவிழ்ந்ததில் இறந்தவர்களில் அவனும் ஒருவன். வயது இருபத்து நான்கு. உடல் மூன்றாம் நாள் பிற்பகல் வந்தது. ஊர் முழுக்கப் பாதையில் நின்றது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காகிதக் கொடி கொடுத்திருந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். மைக் நீட்ட வசதியாக, அப்பாவைக் கடையின் ஷட்டர் ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள். அவர் கையில் டீ வடிகட்டும் துணிப்பை இருந்தது. அடுப்பு மூன்று நாளாக அணைந்துதான் கிடந்தது. அந்தப் பையை எப்போது எடுத்தார், ஏன் எடுத்தார் என்று தெரியவில்லை. யாரும் அதை வாங்கி வைக்கவும் இல்லை.

என் முறை வந்தபோது கேட்டேன். "ஐயா, உங்க மகனைப் பத்தி ஏதாவது சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "இவ்ளோ வெயில்ல நிக்கறீங்களேம்மா. தண்ணி குடிச்சீங்களா?"

அன்று அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். மற்றவர்களிடம் அதுவும் பேசவில்லை.

அங்கே வந்த நிருபர்களில் நான் ஒருத்திதான் பெண். அதனால் என்னை வீட்டுக்குள் விட்டார்கள். அம்மா பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் உறவுக்காரப் பெண்கள். நான் கேட்காமலே அவர் பேசினார், யாரிடமோ ஒரு பழைய கணக்கைத் தீர்ப்பது போல.

"அங்க டீ வாய்க்குப் போறதுக்குள்ள ஆறிடுமாம். அதனால இங்க லீவுல வந்தா, கொதிக்கக் கொதிக்கக் கேப்பான். நாக்கு வெந்துடும்டான்னா, வெந்தாத்தாம்மா டீ மாதிரி இருக்குதும்பான். நைனா கடையிலயே டீ குடிச்சிட்டு நைனா கையிலயே காசு குடுப்பான், கிண்டலுக்கு. மீதி சில்லறை குடுய்யான்னு சண்ட போடுவான்."

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. பெண்கள் எழுந்தார்கள். அவர் எழவில்லை. யாரையும் பார்க்காமல், மெதுவாக ஒன்று சொன்னார். "சின்னவன மட்டும் உட்டுடுங்க."

சின்னவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. நான் வெளியே வந்தபோது, வண்டியிலிருந்து இறக்கிய அண்ணனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில், பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டிருந்தான். வேறு நல்ல வெள்ளைச் சட்டை இல்லை என்று யாரோ அதைப் போட்டு விட்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'அம்மா' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் முழுக்க எழுத்து. அடுத்த பக்கத்தில் 'அப்பா' என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்தேன். கோட்டுக்குக் கீழே 'தண்ணி குடிச்சீங்களா'. பிறகு வெற்றுத்தாள்.

மாலை ஆறரைக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து முதன்மைச் செய்தியை அனுப்பினேன். ஏழு மணிக்குள் பெட்டிச் செய்தியும் போக வேண்டும். பெரிய செய்திக்குப் பக்கத்தில் கட்டம் கட்டி, குடும்பத்தாரின் உருக்கத்தைத் தனியாகப் போடுவோமே, அது. டெஸ்கிலிருந்து உதவி ஆசிரியர் போனில் வந்தார்.

"மெயின் வந்துடுச்சு. பாக்ஸ் எங்கம்மா?"

"அனுப்பறேன் சார்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல சார். தண்ணி குடிச்சீங்களான்னு கேட்டாரு."

"அத வச்சி நான் தலைப்பு போட முடியுமா? ரெண்டாவது பையன் இருக்கானா?"

"இருக்கான். ஒம்பதாவது படிக்கிறான்."

"அப்புறம் என்ன."

போன் வைக்கப்பட்டது. அவர் என்னை எழுதச் சொல்லவில்லை. அதைத் துல்லியமாகச் சொல்லிவிட வேண்டும். 'அப்புறம் என்ன' என்ற இரண்டு சொற்களுக்கும் அந்த வாக்கியத்துக்கும் நடுவே இருந்தது நான் மட்டும்தான். ஏழு வரி தட்டினேன். மேற்கோள் குறி போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதை எங்கள் தொழிலில் யாரும் பொய் என்று சொன்னதில்லை. 'கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்' என்போம். துக்கத்தில் பேச்சு வராதவர்களுக்குப் பேச்சுக் கொடுக்கிறோம் என்று நானே இளைய நிருபர்களிடம் சொல்லியிருக்கிறேன். மந்திரி சொல்லாததை மந்திரி சொன்னதாக எழுத எனக்குத் துணிவு வந்ததில்லை. மறுநாளே மறுப்பு வரும். நகராட்சி எழுத்தர் சொல்லாததைக்கூட எழுதமாட்டேன். மகன் இறந்த வீட்டில் மறுப்பு எழுத ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

மறுநாள் அது மாவட்டப் பக்கத்தில் வந்தது. ஒரு வாரத்தில் பாதை திரும்பும் இடத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பெரியவன் சீருடையில், பின்னால் கொடி, கீழே மேற்கோள் குறிக்குள் என் வாக்கியம். கடையில் பால் சட்டிக்கு மேலே, அந்தச் செய்தித் துண்டை லேமினேஷன் செய்து மாட்டினார்கள். அஞ்சலி செலுத்த வந்தவர்கள் எல்லோரும் அப்பாவின் கையைப் பிடித்து அதையே சொன்னார்கள். மனிதருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

நான் ஆண்டுக்கு இரண்டு முறை அங்கே போவேன். சுதந்திர தினத்துக்கு ஒரு முறை, குடியரசு தினத்துக்கு ஒரு முறை. சிறப்புப் பக்கத்துக்கு அந்தக் குடும்பம் வசதி: கடை பாதையிலேயே இருக்கிறது, படம் எடுக்க வெளிச்சம் நன்றாக விழும். 'நாம் நிம்மதியாக உறங்க அவர்கள் விழித்திருக்கிறார்கள்' என்று ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு பத்தியில் எழுதுவேன். அது பொய் இல்லை. நான் உண்மையாகவே நன்றியோடுதான் எழுதினேன். ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதிகாரத்தில் இருந்தவர்களுக்குப் பிடிக்காததை எழுதியிருக்கிறேன். ஒருமுறை மிரட்டல் போன் வந்தது. மறுநாளும் அதே ஸ்கூட்டியில் அதே தெருவில்தான் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டி நோட்டைக் கேட்க யாரும் வந்ததில்லை. இதற்கெல்லாம் பின்னால் எங்கோ பனியில், சூடு ஆறிய டீயோடு ஒருவன் நிற்கிறான் என்பதை நான் மறந்தவள் அல்ல.

ரமணாசிரமம் பகுதியில் ஒரு காபிக் கடையில் வெளிநாட்டுப் பெண் ஒருவர் பழக்கமானார். தன் நாட்டில் நிருபராக இருந்து, எழுதிய ஒரு செய்திக்காக அங்கிருந்து வெளியேறியவர். "நீங்கள் எழுதுவதை அச்சாகும் முன் எந்த அதிகாரி பார்ப்பார்?" என்று கேட்டார். யாரும் பார்க்கமாட்டார்கள் என்றேன். நான் பெருமையாகத்தான் சொன்னேன். செங்கம் சாலையில் வண்டியைத் திருப்பும்போது அந்தப் பெட்டிச் செய்தி நினைவுக்கு வந்தது. அதையும் யாரும் பார்க்கவில்லை. எத்தனையோ பேர் காவல் காத்துக் கொடுத்த சுதந்திரம். அந்தக் காவலில் மகனைக் கொடுத்த ஒருவரின் வாயில், கேட்காமல், நான் சொல் வைத்தேன்.

இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ, சுதந்திர தினப் பேட்டியில் அப்பா தானாகவே அந்த வாக்கியத்தைச் சொன்னார். எழுத்துப் பிசகாமல் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அப்போது எனக்கு வந்தது நிம்மதி. இப்போது அவரே சொல்லிவிட்டார், இனி அது பொய் இல்லை என்று நினைத்தேன். அந்த நிம்மதியைத்தான் இன்று நினைக்க முடியவில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் சின்னவன் ராணுவத்தில் சேர்ந்தான். அவனை வழியனுப்பும்போது பேருந்து நிலையத்தில் நான் இருந்தேன், புகைப்படக்காரரோடு. அவனிடம், எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டேன்.

"ஒம்பதாவதுலயே மேடம். அண்ணன் காரியமெல்லாம் முடிஞ்சி ஸ்கூலுக்குப் போன அன்னிக்கு, ஹெச்செம் பிரேயர்ல என்ன மேல கூப்ட்டாரு. நீங்க எழுதனத படிச்சாரு. நைனா சொன்னத. மொத்த ஸ்கூலும் கை தட்டிச்சு." சிரித்தான். "அதுக்கப்புறம் வேற இன்னா மேடம் முடிவு பண்றது?"

அம்மா இரண்டடி தள்ளி, ஒரு பை முறுக்கோடு நின்றிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. கணவர் பக்கமும் பார்க்கவில்லை.

அன்றைய செய்திக்குத் தலைப்பு நான் கொடுத்ததுதான்: 'சொன்னதைச் செய்தார் வீரரின் தந்தை'. டெஸ்கில் பாராட்டினார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கம் போவது குறைந்தது. கடந்த ஆண்டு எல்லையில் பதற்றமாக இருந்த நாட்களில், தொலைக்காட்சியில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். சின்னவன் அந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் காலை அப்பாவுக்குப் போன் செய்தேன். ஆறு நாளாக அவன் போன் அணைந்திருக்கிறது என்றார். அவர் குரலில் ஏதும் இல்லை. பால் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். போனை வைத்துவிட்டுப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் அவர் மட்டும் இருந்தார். எனக்கு டீ போட்டார். லேமினேஷன் ஓரங்களில் மஞ்சளாகியிருந்தது. என் வாக்கியத்தின் மேல் பால் ஆவி படிந்து துடைத்த தடம். குடித்து முடிக்கும் வரை காத்திருந்தால் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஐயா, அன்னைக்கு நீங்க அப்படிச் சொல்லல."

"எது?"

சுவரைக் காட்டினேன். நோட்டைத் திறந்து, 'அப்பா' என்று எழுதி வெற்றாக விட்டிருந்த பக்கத்தையும் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை.

"நான் சொன்னனா இல்லையான்னு எனுக்குத் தெரியாதாம்மா?"

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல? வந்து திட்டியிருக்கலாமே."

"யாருகிட்ட போயி கேக்கறது? மக்யா நாளு வூட்டுக்கு வந்தவங்க எல்லாம் அதத்தான் சொன்னாங்க. பெரிய ஆபீசருங்க கையக் குடுத்தாங்க. நான் போயி, இல்லீங்க நான் அப்டி சொல்லலன்னா இன்னா ஆவும்? பெரியவன் செத்ததும் அப்பன்காரன் பயந்துட்டான்னு பேசுவானுங்க. பெரியவனுக்குத்தான அசிங்கம்." பால் சட்டியைக் கிளறினார். "அப்பறம் எல்லாரும் கேக்கறாங்களேன்னு நானே சொல்ல ஆரம்பிச்சிட்டேன். மனப்பாடம் ஆயிடுச்சி."

வாடிக்கையாளர் ஒருவர் வந்து இரண்டு டீ கேட்டார். போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட மட்டும் சொன்னேன். பேப்பர் வந்த அன்னிக்கே சொன்னேன், தோ பாரு, நான் இதச் சொல்லலன்னு. நம்பல. பேப்பர்லயே போட்டுக்கிறாங்க, நீ சொல்லாமயா போடுவாங்கன்றா. அதே பேப்பர்ல ராசிபலன் வருது, அத நம்ப மாட்டா. இத நம்பறா." லேசாகச் சிரித்தார். "சோறு போடுவா. துணி தொவச்சிப் போடுவா. பேச்சுதான் கம்மி. சின்னவன் போனப்பறம் அதுவும் இல்ல."

நான் அந்த வாக்கியத்தால் அந்தச் சிறுவனுக்கு என்ன செய்தேன் என்பதை மட்டும்தான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்தில் பத்து ஆண்டுகளாக என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் எத்தனை முறை அங்கே வந்து படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இருவரையும் நெருங்கி நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா நிலத்திலிருந்து வந்தார். கால் கழுவிவிட்டு உள்ளே போகப் பார்த்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"இன்னா, பேப்பர்காரம்மா. உங்களுக்கு ஏதாவது தெரியுமா? டிவியில கத்தறானுங்க, ஒண்ணும் புரியல."

சின்னவனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்றேன். வேறு ஒன்று சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், அவரும் நின்றுகொண்டேதான் கேட்டார். அப்பா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவரு சொல்லலையா?"

"சொல்லல. நானா எழுதினேன்."

"ஒரு வார்த்தகூட?"

"தண்ணி குடிச்சீங்களான்னு கேட்டாரு. அவ்ளோதான்."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். ஏற்கெனவே துடைத்திருந்த கை. "நான் உள்ள ஒண்ணு சொன்னேன். சின்னவன உட்டுடுங்கன்னு. அது உங்க காதுல உழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"எழுதிக்கினீங்களா?"

"எழுதிக்கிட்டேன்."

"அத ஏன் போடல?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் தொழில்முறைப் பதில்கள் இருந்தன. இடமில்லை என்று சொல்லலாம். அந்த நேரத்தில் உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். "அது அன்னைக்குச் செய்தியா தெரியலம்மா" என்றேன். அது உண்மை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "எழுதிக் குடுங்க" என்றார்.

"எதை?"

"அவரு சொல்லலன்னு. வாயால சொன்னா எப்டி? அது எழுத்துல கீது, இதுவும் எழுத்துல வேணும். கீழ கையெழுத்து போடுங்க."

அதே நோட்டில், வெற்றாக இருந்த அந்தப் பக்கத்திலேயே எழுதினேன். மூன்று வரி. கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கி, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தார். திருப்பிக் கொடுத்தார். "நான் சொன்னதையும் எழுதுங்க." எழுதினேன், அவர் சொன்னபடியே, பேச்சு வழக்கிலேயே. தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மடித்தார். உள்ளே, பெரியவனின் பொருட்களோடு படைப்பிரிவிலிருந்து வந்த கறுப்புத் தகரப் பெட்டி இருக்கிறது. அதைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து, என்னிடமே சொன்னார். அடுப்புக்கு முன்னால் நின்றவரிடம் அல்ல. "பத்து வருஷமா அந்த மனுஷன் கிட்ட நான் மூஞ்சி குடுத்துப் பேசல. அத எங்க எழுதுவீங்க?"

கிளம்பும்போது அந்த லேமினேஷனைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "அதுல பெரியவன் படம் கீது" என்றார் அப்பா. அது அங்கேயேதான் இருக்கிறது.

ஸ்கூட்டி வரை அப்பா கூட வந்தார். "சின்னவன்கிட்ட சொல்லாதீங்கம்மா" என்றார். "போன் கீன் வந்து பேசினாலும் சொல்லாதீங்க. அவன் நான் சொன்னேன்னு நெனச்சிதான் போனான். அந்தப் பேச்சு மேலதான் அங்க நின்னுக்கினு இருக்கான். நிக்கிறவன் காலுக்குக் கீழ இருக்கறத உருவக் கூடாது."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? தந்தையின் பேச்சு என்று நினைத்து ஒருவன் நிற்கிறான். அவனுக்குக் காலடியில் இருப்பது என்னுடைய ஏழு வரி. அவன் காவலில் நான் வேங்கிக்காலில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கடைக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அம்மா கணவரிடம் பேசியதை நான் முதலில் கேட்டது இரண்டாம் நாள். "பால் பொங்குது பாருங்க" என்றார். அவ்வளவுதான். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு வெகுநேரம் பால் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. அம்மாதான் எடுத்தார். ஸ்பீக்கரைப் போட்டுப் பலகையில் வைத்தார். பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவே அவன் குரல். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன், போனை வாங்கி வைத்துவிட்டார்கள், அதனால்தான் என்றான். அப்பா சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேப்பர் மேடம் தெனமும் வந்து உக்காந்துக்கினு இருக்காங்கடா, உன்ன கேட்டுக்கினு" என்றார்.

"மேடமா? ஸ்பீக்கர்ல இருக்கா? வணக்கம் மேடம். ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

"எதுக்குப்பா?"

"அப்ப எழுதனீங்களே, நைனா சொன்னத. அத பர்ஸ்ல வச்சிக்கினு இருக்கேன். போன வாரம் இங்க கொஞ்சம் ஜாஸ்தியா இருந்திச்சு. எடுத்துப் படிச்சேன்."

அம்மா என்னைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய ஒன்றும், சொல்லக் கூடாத ஒன்றும் ஒரே வாக்கியமாக இருந்தன. இருபத்தாறு ஆண்டு எழுதிப் பிழைத்தவளுக்கு வேறு வாக்கியம் கிடைக்கவில்லை.

"நான்தான்பா தேங்க்ஸ் சொல்லணும்" என்றேன். "பத்திரமா இரு."

அம்மா பலகையிலிருந்து போனை எடுத்தார். ஸ்பீக்கரை அணைத்தார். காதில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"டீ குடிச்சியா?" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சூடா இருந்துச்சா?"

இதை எழுதலாமா என்று பிறகு ஒரு நாள் அம்மாவிடம்தான் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க" என்றார். "எங்கள மாதிரி எத்தினி வூட்ல எத்தினி பேர் சொல்லாதத எழுதி இருப்பீங்களோ."

இருந்திருக்கும். நோட்டுகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.